மூன்று முறை தைத்த மோட்டார் சைக்கிள் சீட்

எங்கள் தோட்ட உத்தியோகத்தர்கள் இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதவேண்டுமாம். கேட்டு வந்த இளம் டிஸ்பென்சர், "பழைய காலத்து ருசியான சம்பவமா ஏதாவது எழுதுங்க, படிக்கிறவங்களுக்கு உற்சாகம் வரணும்" என்றார். அவர் வந்தது தோட்டத்து மோட்டார் வண்டியில். மூன்று தோட்டங்களைச் சுற்றிவர வண்டியும் கொடுத்து, ஓட்ட ஆளும் கொடுத்திருக்கிறார்கள். வண்டியில் மெத்தை கடினமாக இருக்கிறது, முதுகு வலிக்கிறது என்று போகிற போக்கில் குறைப்பட்டுக்கொண்டார்.

உற்சாகம் என்னிடம் இல்லை. சீட்டைப் பற்றி எழுதலாம். எழுதுகிறேன்.

நான் திருச்சிப் பக்கத்துக்காரன். இளவயதில் கப்பலேறி இலங்கைக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியில் போத்தல் கழுவி, கட்டுக் கட்டி, மருந்து கலக்கப் பழகி, பரீட்சை எழுதி, பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துக்கு டிஸ்பென்சராக வந்து சேர்ந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் படிக்கிறதுதான்.

வேலை இப்படி. விடியும்போதே பெரட்டுக் களத்துக்குப் போய்விட வேண்டும். ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம் அது. காய்ச்சல் என்று ஒதுங்கி நிற்கிறவர்களை நான் பார்க்க வேண்டும். நாக்கை நீட்டச் சொல்வேன், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்ப்பேன், வயிற்றில் கை வைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று அழுத்துவேன். காய்ச்சலுக்கான கசப்பு மருந்து கொயினாவைக் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. வாயில் ஊற்ற வேண்டும். ஊற்றினாலும் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் துப்பிவிடுவார்கள். அதனால் ஊற்றியவுடன் "ஒன் பேரைச் சொல்லு, அப்பன் பேரைச் சொல்லு, பொறந்த ஊரைச் சொல்லு" என்பேன். மூன்றையும் சொல்லி முடிப்பதற்குள் விழுங்கித்தான் ஆக வேண்டும். இந்த வழியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு கிழவி என் சட்டைமேல் துப்பியதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

அப்புறம் டிஸ்பென்சரி. புண், வெட்டுக்காயம், பிரசவம், வயிற்றுப்போக்கு. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது உடம்புகள் என் கைக்குக் கீழே வரும். மாலையில் கதவைச் சாத்தினால் அடுத்த நாள் விடிகிறவரை ஒருவரும் இல்லை. துரையின் பங்களா மேலே. ஆட்கள் குடியிருக்கிற லயங்கள் கீழே. என் வீடு நடுவில். பங்களாவில் என்னை உட்காரச் சொல்ல மாட்டார்கள். லயத்துக்காரர்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள், என் வீட்டுக்குள் வர மாட்டார்கள். ஆபீஸ் கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்லவர், ஆனால் தன் சோற்றைத் தானே சமைத்துத் தனியாகத் தின்பவர். என் மனைவி வந்த ஆறாம் வருஷம் காய்ச்சலில் செத்தாள். குழந்தை இல்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னால் உள்ள மேட்டில் அவளைப் புதைத்தேன். அதற்குப் பிறகு எட்டு வருஷம் நான் மற்றவர்களைத் தொட்டேன். என்னை ஒருவரும் தொடவில்லை. அப்போது இதை யோசித்ததுகூட இல்லை. யோசிக்க வேண்டிவந்த கதைதான் இது.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். தோட்டத்து மட்டக்குதிரையில், என் பொறுப்பில் இருந்த மூன்று தோட்டங்களில் ஒன்றான ஆற்றுத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓடையைக் கடக்கும்போது குதிரை வழுக்கி என்மேல் விழுந்தது. இடது தொடை எலும்பு இடுப்புக்குக் கிட்டே முறிந்தது. பலகை வைத்துக் கட்டியதும் நான்தான், கட்டப்பட்டவனும் நான்தான். கோணலாகச் சேர்ந்தது. ஐந்து மாதம் கழித்து எழுந்தபோது இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. நடக்க முடியும், தூரம் முடியாது. குதிரையில் கால் அகட்டி ஏறவே முடியாது.

எங்கள் பெரிய துரையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கத்த மாட்டார். யாராவது பேச ஆரம்பித்தால் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுக்கத் தொடங்குவார். சாவி முறுகி நிற்பதற்குள் நாம் பேசி முடித்துவிட வேண்டும். முடிக்காவிட்டால் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். அவருடைய தமிழ் கங்காணிமாரிடம் கற்ற தமிழ். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நாங்கள் அந்த மெதுவுக்குத்தான் பயப்படுவோம்.

என்னைக் கூப்பிட்டு, சீமைக்குத் திரும்பிப் போன சின்ன துரை விட்டுவிட்டுப் போயிருந்த மோட்டார் சைக்கிளைக் காட்டினார்.

"நீ ஓட்டு. மூணு தோட்டம், கெழமைக்கி ரெண்டு வாட்டி. ரெண்டு மாசம் பாக்கிறேன். முடியல்லே, வேறே ஆள்."

அவ்வளவுதான். வேலை போனால் வீடும் போகும். நொண்டி டிஸ்பென்சரை வேறு எந்தத் தோட்டமும் எடுக்காது. ஊரில் அண்ணன்மார் என் பங்கையும் சேர்த்துப் பிரித்துக்கொண்டு கடுதாசி போடுவதையே நிறுத்தியிருந்தார்கள். மேட்டில் கிடப்பவளை விட்டுவிட்டு எந்த ஊருக்கு என்று போவது?

தேயிலைத் தொழிற்சாலை முன்னால் உள்ள வெளியில் பத்து நாள் விழுந்து எழுந்து வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டேன். வண்டியில் தகராறு இல்லை. சீட்டில்தான். எனக்கு இடுப்பு இடது பக்கமாக இறங்கி உட்காரும். எலும்பின் நுனி நரம்பை அழுத்தும். இரண்டு மைலில் கால் மரத்துப்போகும். அந்த வண்டியை நிறுத்துகிற மிதி இடது காலுக்குத்தான். சரிவும் வளைவுமான பசறை ரோட்டை அறிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

பதுளைக் கடைத்தெருவில் நல்லபெருமாள் பிள்ளை சேணக் கடை வைத்திருந்தார். துரைமார்களின் குதிரைகளுக்குச் சேணம், கடிவாளம், தோல் பெட்டி, எல்லாம் அங்கேதான். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், எங்கள் சாதி. நான் வந்த நாளிலிருந்து பழக்கம். மோட்டார் சைக்கிளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன்.

"வாங்க வாங்க, டாக்டரய்யா! என்ன இப்படி எளைச்சிட்டீங்க? உக்காருங்க" என்று உள்ளே பார்த்துக் காப்பிக்குக் குரல் கொடுத்தார். அவர் கடையில் மரியாதைக்குக் குறைவே கிடையாது. வேலைதான் நடக்காது.

"அண்ணே, எனக்கு எடது கால் ஒன்றரை அங்குலம் கட்டை. எடது பக்கம் சீட்டு ஒசரமா இருக்கணும். எலும்பு குத்துற எடத்துல பள்ளம் விடணும். எழுதிக்கங்க."

"நமக்குள்ள என்னங்க எழுத்து? எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். "ஒரே வாரம். சிம்மாசனம் மாதிரி பண்ணித் தர்றேன்."

பின்பக்கமிருந்து ஓர் ஆள் வந்து வண்டியைச் சந்து வழியாக உருட்டிக்கொண்டு போனான். சன்னாசி என்பது அவன் பேர். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. முகத்தைப் பார்த்ததாகக்கூட ஞாபகம் இல்லை. தோல் வேலை செய்கிறவர்கள் கடைக்கு முன்னால் வர மாட்டார்கள். பின்னால் சாக்கடை ஓரமாக ஒரு கொட்டகையில் உட்கார்ந்து தைப்பார்கள். வாடிக்கைக்காரர் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். பிள்ளை பின்கதவில் நின்று அவர்களிடம் சொல்வார். அது அங்கே பழக்கம். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவனை நான் அவன் என்றுதான் சொன்னேன். இப்போது அவர் என்று எழுதினால் அந்தக் காலத்திலேயே மரியாதை கொடுத்தவன்போல ஆகிவிடும். அந்தப் பொய் வேண்டாம். அவன் என்றே எழுதுகிறேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். "தோல் வரல்லீங்க, கொழும்புலேருந்து வரணும்." காப்பி வந்தது. மறுவாரம் போனேன். "தோல் வந்திருச்சு, அமாவாசைக்கு வேலை இல்லீங்களே." காப்பி வந்தது. மூன்றாம் வாரம் சீட் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. தையல் ஒன்றுபோல ஓடியிருந்தது. ஓரத்தில் பித்தளை ஆணி. நடுவில் நீளமாக ஒரு வாய்க்கால். இரண்டு பக்கமும் சமம். உட்கார்ந்தேன். முன்னதைவிட மோசம். வாய்க்காலுக்குள் எலும்பு நேராக இறங்கியது.

"அண்ணே, இது குதிரைச் சேணம். குதிரை முதுகெலும்புக்குத்தான் இந்த வாய்க்கால். மோட்டார் சைக்கிளுக்கு ஏது முதுகெலும்பு?"

"எல்லாத் தொரைமாருக்கும் இப்படித்தாங்க போடறோம். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. நாலு நாள் உக்காந்தா பழகிடும்."

"ஒசரம் எங்கே? நான் எடது பக்கம்னு சொன்னேனே?"

"மறந்துட்டானுங்க. அவனுங்களுக்கு எதைச் சொன்னாலும் தலையில ஏறாது. நீங்க வண்டியை வச்சிட்டுப் போங்க, நானே பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."

வைத்துவிட்டு வந்தேன். திட்டியிருக்க வேண்டும். காப்பி குடித்த வாயால் எப்படித் திட்டுவது என்று வந்துவிட்டேன். இதற்குள் துரை கொடுத்த இரண்டு மாதத்தில் பாதி போய்விட்டது. மற்ற இரண்டு தோட்டங்களுக்கும் வாடகை மாட்டுவண்டியில் போனேன். ஒரு தோட்டத்துக்குப் போய் வர ஒரு முழுநாள். துரை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாவது சீட் வந்தது. ஒரு பக்கம் உயரமாகத்தான் இருந்தது. வலது பக்கம். பிள்ளை வெயில் நேரத்துத் தூக்கத்தில் இருந்தார். எழுப்ப வேண்டாம் என்றாள் அவர் வீட்டம்மாள். நாளைக்கு ஆற்றுத் தோட்டத்து முறை. வேறு வழியில்லாமல் அதையே மாட்டி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்தச் சீட்டில் ஆற்றுத் தோட்டத்துக்குப் புறப்பட்டேன். மூன்றாவது மைலில் இடது கால் இல்லை. கையால் அடித்துப் பார்த்தேன், யாருடைய காலையோ அடிக்கிறமாதிரி இருந்தது. வளைவில் நிறுத்த முடியாமல் மேட்டுப் பக்கத்து மண்ணில் மோதி நின்றேன். உயிர் இருந்தது. ஏற முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்தேன். ஒரு வண்டி வரவில்லை. சூரியன் உச்சிக்கு வந்த பிறகு கீழே இருந்து ஆட்கள் பேசிக்கொண்டு ஏறி வருகிற சத்தம் கேட்டது.

ஆற்றுத் தோட்டத்துக் கங்காணி பெரியண்ணன் முன்னால் வந்தார். பின்னால் நாலு பேர் கம்பில் கம்பளியைக் கட்டித் தொட்டிலாகத் தூக்கி வந்தார்கள். உள்ளே ஒரு பெண். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. காலையிலிருந்து எனக்காகக் காத்திருந்து, வராமல் போகவே, தூக்கிக்கொண்டு ஏழு மைல் மேலே வருகிறார்கள்.

கங்காணி என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"ஐயா நல்ல எடமாப் பாத்துத்தான் கடை போட்டிருக்கீங்க. காத்து நல்லா வருது."

பெட்டியை எடுத்தேன். அந்தப் பெண்ணை ரோட்டிலேயே படுக்கவைத்துக் காயத்தைக் கழுவி ஒன்பது தையல் போட்டேன். அவள் கத்தவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து, "நீங்க எப்படிங்க வீட்டுக்குப் போவீங்க?" என்றாள். கங்காணி சிரித்தார். "தொட்டில்தான் சும்மா இருக்கே. அய்யாவைப் போட்டுத் தூக்குங்கடா."

உண்மையாகவே அப்படித்தான் வந்தேன். அவளை அங்கேயே நிழலில் உட்காரவைத்துவிட்டு, நோயாளி வந்த கம்பளியில் நானே ஊர்ந்து ஏறிக்கொள்ள, தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் திரும்பிப் போய் அவளைத் தூக்கினார்கள்.

மறுநாள் துரை கூப்பிட்டார். சொல்ல ஆரம்பித்தேன். சாவி கொடுக்க ஆரம்பித்தார். சீட், சேணக் கடை, வலது பக்கம் என்று நான் வேகமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாவி நின்றுவிட்டது. ஆனால் அவர் உள்ளே போகவில்லை. மெதுவாகப் பேசினார்.

"சீக்கு ஆள் ரோட்டிலே வாறது நான் பாக்கக் கூடாது. அடுத்த திங்கள், மூணு தோட்டமும் நீ போ. ஒரே நாள். இல்லே, வீட்டுச் சாவி கிளாக்கர்கிட்டே குடு."

ஏழு நாள்.

ரோட்டில் கிடந்த மோட்டார் சைக்கிளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே பதுளைக்குப் போனேன். பிள்ளையைக் கிழித்துவிடுவது என்றுதான் போனேன். கடையில் அவர் இல்லை. கதிர்காமத்துக்குப் போகிற சொந்தக்காரரை வழியனுப்பப் போயிருக்கிறார், வர நேரமாகும் என்றார்கள். நாற்காலி போட்டார்கள். காப்பி கொண்டுவரட்டுமா என்றார்கள். வேண்டாம் என்று நின்றேன். அப்போதுதான் பின்னாலிருந்து தோலைச் சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டுகிறவன் இருக்கிறான், நான் எதற்குப் பிள்ளைக்குக் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பல வருஷம் அந்தக் கடைக்கு வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது தோன்றியது. வண்டியை உருட்டிக்கொண்டு சந்து வழியாகச் சாக்கடையைத் தாண்டிப் பின்னால் போனேன்.

சன்னாசி துள்ளி எழுந்தான். ஐம்பது வயது இருக்கும். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டான்.

"சாமி இங்க வரப்படாது. மொதலாளி வந்தா என்னையத்தான் பேசுவாரு."

"இந்தச் சீட்டு நீ தச்சதா?"

"ஆமாங்க."

"வலது பக்கத்தை ஏன்டா ஒசத்தினே?"

அவன் சீட்டைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தான். "வண்டி ஒரு பக்கமாச் சாயுதுன்னு சொன்னாங்க சாமி. அதை மட்டம் பண்ணச் சொன்னாங்க. செவுத்துல வலது பக்கமாத்தானே சாஞ்சு நின்னுச்சு. மட்டப்பலகை வச்சுப் பாத்துத்தாங்க ஒசத்துனேன்."

"சாயிறது வண்டி இல்லடா. நான்."

"சாமிக்கா இந்தச் சீட்டு?"

"பின்னே யாருக்கு?"

"தொரைக்குன்னு நெனச்சேங்க. கால் ஊனம்னு ஒருத்தரும் சொல்லல்லியே." நான் நிற்கும் விதத்தைப் பார்த்தான். குதிரையைப் பார்க்கிற பார்வை. பிறகு கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "குதிரைக்குச் சேணம் தைக்கணும்னா குதிரையைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. முதுகுல கை வச்சுப் பாக்காம ஒரு தையல் போட மாட்டேன். ஆளுக்குத் தைக்கச் சொல்றாங்க, ஆளை ஒளிச்சு வைக்கிறாங்க. என்னா வேலைங்க இது?"

"இப்ப அளந்துக்க."

"அளக்கணும்னா தொடணுங்க."

"தொடு."

அவன் நகரவில்லை. நான் திரும்பவும் சொன்னேன். அவன் போய் வாளியில் கையைக் கழுவினான். அதன்பிறகும் ஒருமுறை கழுவினான். உமி நிரப்பிய ஒரு சாக்கை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். பெட்டியிலிருந்து விரல் அகலத்துக்கு ஓர் ஈயப்பட்டையை எடுத்தான். குதிரையின் முதுகு வளைவை எடுக்கிற பட்டை. வளைத்தால் வளைந்தபடி நிற்கும். அதை என் இடுப்பில் வைத்து அழுத்தி, வளைவை எடுத்து, தரையில் கரியால் கோடு போட்டான். வலது பக்கம் ஒன்று. இடது பக்கம் ஒன்று. பிறகு பட்டையை வைத்துவிட்டு வெறும் கையால் தேடினான். கட்டைவிரலால் எலும்போரமாக மெதுவாக இறங்கி, ஓர் இடத்தில் நிறுத்தினான்.

"இங்கனதானே?"

அங்கேதான். நான் வைத்தியம் படித்தவன். என் எலும்பு எங்கே கோணலாகச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறொரு கை அதைக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. எட்டு வருஷமாக என் உடம்பில் ஒருவர் கை பட்டதில்லை என்பது அந்தக் கொட்டகையில், உமிச் சாக்கின்மேல், அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கம்பளியில் தூக்கி வந்தவர்கள்கூடக் கம்பைத்தான் தொட்டார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்தது.

"வலிக்குதுங்களா?"

"தோல் நாத்தம்" என்றேன்.

"அது இருக்கத்தான் செய்யும்" என்றான். கையை எடுத்துவிட்டான்.

சனிக்கிழமை முடித்துவிடுவதாகச் சொன்னான். வண்டியை விட்டுவிட்டு வந்தேன். சனிக்கிழமை போனேன். பிள்ளை கடையில் இருந்தார். வாசலில் மூன்று நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் எங்கள் ஆட்கள், கடைத்தெரு வியாபாரிகள். வண்டி தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுதான் சரியான வார்த்தை. எலும்பு முறிந்ததிலிருந்து நான் எதன்மேலும் உட்கார்ந்ததில்லை, தொங்கிக்கொண்டுதான் இருந்தேன். இடுப்பு நேராக நின்றது. குத்துகிற இடத்தில் குதிரைமயிர் அடைத்த ஒரு பள்ளம், என் கட்டைவிரல் அளவுக்கு.

"பாத்தீங்களா?" என்றார் பிள்ளை, வாசலில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே. "நம்ம கடை வேலைன்னா சும்மாவா? பக்கத்துலயே நின்னு பாத்துப் பாத்துப் பண்ண வச்சேன்."

வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். சீட் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. எனக்கு என்ன வேண்டுமோ அது கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குக் கோபம்.

"நீரா நின்னு பாத்தீரு?" என்று கத்தினேன். "உம்மால ரோட்டுல பொணமாக் கெடந்திருப்பேன் நான். எடது எது வலது எதுன்னுகூடச் சொல்லத் தெரியாத ஆளு நீரு. பின்னால இருக்கிற சன்னாசி என் இடுப்பைத் தொட்டுத் தடவி அளந்தான்யா. அதுனால வந்தது இந்தச் சீட்டு. உம்ம காப்பியில வரல்ல."

வாசலில் இருந்தவர்களில் ஒருவர் வெற்றிலையைத் துப்பினார். பிள்ளையின் முகம் சுருங்கியது. அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"தொட்டானா?"

"தொட்டான்" என்று அதற்கும் பதில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது. நன்றாகக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை மூன்று தோட்டங்களுக்கும் போனேன். பதினொரு பிரசவக்காரிகளையும் எண்ணற்ற காய்ச்சல்காரர்களையும் பார்த்துவிட்டு வெயில் தாழ்வதற்குள் திரும்பினேன். துரை தொழிற்சாலை வாசலில் நின்றார். கடிகாரத்தை எடுத்து நேரத்தைப் பார்த்தார். சாவி கொடுக்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேலை என்னுடையதே என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகு வீட்டுச் சாவியைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. ஓய்வு பெறுகிறவரை அந்த வீட்டில்தான் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மருந்துப் பெட்டிக்கு ஒரு வார் தைக்க வேண்டியிருந்தது. நேராகப் பின்னால் போனேன். கொட்டகையில் வேறு ஓர் ஆள் இருந்தான். முன்னால் வந்து பிள்ளையைக் கேட்டேன். இந்தத் தடவை காப்பி இல்லை.

"தொரத்திட்டேன்" என்றார். "சும்மா தொட்டிருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்கும். தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருந்திருப்பேன். வேலைக்காரன் அவன். அவன மாதிரி கை இந்த ஊவா மாகாணத்துலயே கெடையாது. நாலு பேருக்கு முன்னால சொன்னீங்களே, அப்புறம் நான் என்னா பண்றது? நம்மாளுங்க ஒருத்தன் கடைக்கு வருவானா?"

அந்தக் கடைக்கு அதற்குப் பிறகு நான் போகவில்லை. என்னுடைய கோபத்தால் சன்னாசிக்கு ஒரு வாய்ச் சோறுகூடக் கிடைக்கவில்லை. பசறைச் சந்தையிலும் ஸ்பிரிங்வெளிப் பக்கத்து லயங்களிலும் அவனைக் கேட்டேன். ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். செத்துவிட்டான் என்றும் சொன்னார்கள். சிலர், எந்தச் சன்னாசி என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து லுணுகலையில் பார்த்தேன். சந்தைக்கு வெளியே, மீன்காரர்களுக்கும் அப்பால், ஒரு மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். குடைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தோல் மாற்றுவதற்காக ஒரு தப்பு மேளம் கிடந்தது. சேணம் தைத்த கை. முன்னைவிட இளைத்திருந்தான். வண்டிச் சத்தத்தை வைத்தே என்னைத் தெரிந்துகொண்டான். எழுந்து நின்றான்.

"சாமி."

"ஒன்னை எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா?"

"நான் இங்கனதாங்க இருக்கேன்."

"என்னாலதான் ஒனக்கு இப்படி ஆச்சு."

அவன் இல்லையென்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் சொன்னேன் என்றுகூட இப்போது நினைக்கிறேன். அவன் இல்லையென்று சொல்லவில்லை.

"ஆமாங்க" என்றான். "வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்."

துரையிடம் சொல்லித் தோட்டத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னேன். "குதிரையே இல்லியே சாமி, எல்லாரும் மோட்டாரு வாங்கிட்டாங்க. எனக்கு அங்க என்னா வேலை?" என்றான். அது சரி. கேட்பதற்கு முன்பே எனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

சீட்டைப் பார்த்தான். ஒரு பக்கம் தையல் விட்டு மயிர் வெளியே வந்திருந்தது. கழற்றிக் கொடுங்கள் என்றான். கழற்றிக் கொடுத்தேன். மெழுகு பூசிய நூலால் பழைய ஓட்டையிலேயே ஊசியை விட்டுத் தைத்தான். கீழே மடிப்பைப் பிரித்துப் புது மயிர் அடைத்தான். நான் நின்றுகொண்டே பார்த்தேன். லுணுகலையில் அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. யாரோ ஒருவர், சந்தையில் ஒரு கிழவன் தோல் தைக்கிறான் என்று சொன்னதைக் கேட்டுத்தான் பதினெட்டு மைல் வந்திருந்தேன்.

"திரும்ப அளந்துக்கயேன்" என்றேன். "ரெண்டு வருஷமாச்சு. இடுப்பு மாறியிருக்கும்."

"மாறாதுங்க. எலும்புதானே."

"பாத்தா நல்லதுதானே."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சந்தையில் போகிற வருகிறவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "வேணாங்க" என்றான்.

நூலைப் பல்லால் அறுத்தான். துணியால் சீட்டைத் துடைத்தான். என் கையில் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டான்.

நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.